நிலை சேராத தேர்: வல்லம் சிவசங்கரநாராயண பிள்ளையும் டூரிங்கின் கேள்வியும்

இலக்கியக் கூட்டங்களில் கணிதத்தைத் துணைக்கழைப்பவர்களைக் கண்டால் எனக்குச் சற்று அச்சம் உண்டு. கோடெலும் டூரிங்கும் நம் சிற்றிதழ்ச் சூழலில் ஏறத்தாழச் சித்தர்களாகிவிட்டார்கள். ஒரு கணினி நிரல் ஓடி முடிந்து நிற்குமா, முடிவின்றி ஓடிக்கொண்டே இருக்குமா என்பதை இன்னொரு நிரலால் கண்டறியவே முடியாதென்று ஆலன் டூரிங் 1936இல் நிறுவிவிட்டார். ஆகவே இயந்திரம் ஒருபோதும் மனித மனத்தை எட்டாது. இந்த வாதத்தை மேடைகளிலும், மேடை முடிந்த பிறகு தேநீர்க் கடைகளிலும் பலமுறை கேட்டிருக்கிறேன். செயற்கை நுண்ணறிவு பற்றிய பேச்சு பெருகியபின் இதற்குப் புதிய வேகம் வந்திருக்கிறது. இதன் முற்பாதி டூரிங் சொன்னதன் மங்கலான நிழல். பிற்பாதியோ அவர் சொன்னதிலிருந்து எவ்வகையிலும் பெறப்படாதது.

தமிழ் முதுகலை படித்த ஒருவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். இந்த வரலாற்றின் ஒரு கிளை எங்கள் ஊர்ச் சாலையிலேயே கிடக்கிறது என்பதுதான் என் பதில். ராஜபாளையத்திலிருந்து தெற்கே சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று போனால் தென்காசி. அதைத் தாண்டிச் செங்கோட்டை செல்லும் வழியில் வல்லம். அந்தச் சிற்றூரில் 1901 ஏப்ரல் 5ஆம் நாள் பிறந்தவர் சு. சிவசங்கரநாராயண பிள்ளை. இராமானுசனுக்குப் பிறகு தமிழகம் தந்த எண்ணியல் அறிஞர்களில் இவரை முதல் வரிசையில் வைப்பார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் இவர் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கும். டூரிங்கின் கேள்வியைப் புரிந்துகொள்ள இவருடைய கணிதத்தைவிட நல்ல வாயில் எனக்குத் தெரியவில்லை.

1936ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில்தான் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸ் நூற்பாலையை நிறுவினார். இவ்வூர் இயந்திரங்களின் ஊராக மாறத் தொடங்கியது அப்போது. அவ்வாண்டு மே 28ஆம் நாள் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்த, இருபத்து நான்கு வயது நிரம்பாத டூரிங்கின் கட்டுரை லண்டன் கணிதக் கழகத்திற்கு வந்து சேர்ந்தது. அவ்வாண்டிலேயே, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த பிள்ளை, நூற்றறுபது ஆண்டுகளாகக் கணித உலகைக் குழப்பிய ஒரு சிக்கலின் பெரும்பகுதியைத் தீர்த்து வெளியிட்டார். மூன்றும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயல்தான். அதில் ஊழைத் தேடுகிறவனல்லன் நான். ஆனால் தற்செயலும் சில வேளைகளில் நல்ல ஆசிரியன்.

டூரிங்கும் நமக்கு முற்றிலும் அயலாரல்லர். அவருடைய தந்தை ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் பணியாற்றிய ஐ.சி.எஸ். அதிகாரி, அப்பணிக்காக அவர் பயின்றவற்றுள் தமிழும் ஒன்று. தாய் ஈதெல் சாரா ஸ்டோனி 1881இல் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். அவருடைய தந்தை மதராஸ் இரயில்வேயின் தலைமைப் பொறியாளராக இருந்தார். ஆலனின் அண்ணன் ஜான் 1908இல் குன்னூரில் பிறந்தார். ஆலன் மட்டும் 1912இல் லண்டனில் பிறந்தார். பெற்றோர் சென்னை மாகாணத்திலிருக்க, பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் பிறர் வீட்டில் வளர்ந்தனர். அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் இந்தப் பிரிவை அவருடைய தனிமையின் வேராகக் காண்பதுண்டு. அது இருக்கட்டும்.

அந்த 1936 கட்டுரையில் டூரிங் கற்பனை செய்த இயந்திரம் மிக எளிய ஒன்று. கட்டம் போட்ட முடிவிலா நாடா. ஒவ்வொரு நேரத்திலும் ஒரு கட்டத்தை மட்டும் பார்க்கும் தலை. இந்தக் குறியைக் கண்டால் இதை அழி, இதை எழுது, வலப்புறம் நகர், இன்ன நிலைக்கு மாறு என்பது போன்ற விதிகளின் பட்டியல். இவ்வளவுதான். இந்த இயந்திரத்துக்கு அவர் மாதிரியாகக் கொண்டது எந்தப் பொறியையும் அன்று. காகிதத்தில் பென்சிலால் கணக்கிடும் ஒரு மனிதரை. நம் வழக்கில் சொன்னால் ஒரு கணக்கப்பிள்ளையை. அன்றைய ஆங்கிலத்தில் கம்ப்யூட்டர் என்ற சொல்லே கணக்கிடும் ஆளைத்தான் குறித்தது. இந்தச் செய்தியை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இயந்திரத்துக்கு எதிராக டூரிங்கை இழுப்பவர்கள் மறந்துவிடுவது இதைத்தான்.

இன்னொரு வியப்பும் அக்கட்டுரையில் உண்டு. நிற்பதா நிற்காததா என்ற வடிவில் டூரிங் கேள்வியை எழுப்பவே இல்லை. அவருக்கு நல்ல இயந்திரம் என்பது நிற்காமல் எண்ணின் இலக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாக அச்சிட்டுக்கொண்டே போவது. எங்கோ சிக்கிக்கொண்டு மேற்கொண்டு எழுதாமற் போவதுதான் பழுதுற்றது. நூற்பாலை முதலாளியின் பார்வையும் இதுதானே? ஓடுகிற கதிர் நல்ல கதிர். ஓர் இயந்திரத்தின் விதிகளைப் பார்த்தே அது நல்லதா பழுதா என்று சொல்லிவிடும் பொதுவழி உண்டா என்று கேட்டு, இல்லை என்று நிறுவினார். ‘நிற்றல் சிக்கல்’ என்று இன்று வழங்கும் பெயரும் வடிவமும் 1950களில் மார்ட்டின் டேவிஸ் முதலானோரால் வந்தவை. அமெரிக்காவின் அலோன்சோ சர்ச் வேறொரு வழியில் அதே ஆண்டு சற்று முன்னதாகவே இணையான முடிவுக்கு வந்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இன்று சொல்லப்படும் வடிவில் அதன் நிறுவல் ஒரு நல்ல விடுகதையின் கட்டமைப்பைக் கொண்டது. எந்த நிரலைக் கொடுத்தாலும், எந்தத் தரவைக் கொடுத்தாலும், ‘இது நிற்கும்’ அல்லது ‘நிற்காது’ என்று தவறாமல் தீர்ப்புச் சொல்லும் நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதற்கு நடுவன் என்று பெயர் வைப்போம். இப்போது முரணன் என்றொரு நிரலை எழுதுகிறோம். அதற்கு ஏதேனும் ஒரு நிரலைக் கொடுத்தால், அந்த நிரலுக்கு அதையே தரவாக ஊட்டினால் என்னவாகும் என்று நடுவனிடம் கேட்கும். ‘நிற்கும்’ என்று நடுவன் சொன்னால் முரணன் வேண்டுமென்றே முடிவின்றிச் சுற்றத் தொடங்கும். ‘நிற்காது’ என்றால் உடனே நின்றுவிடும். இனி முரணனுக்கு முரணனையே கொடுங்கள். நிற்கும் என்று நடுவன் சொன்னால் நிற்காது. நிற்காது என்றால் நின்றுவிடும். நடுவன் எதைச் சொன்னாலும் பொய்த்துப் போகிறது. ஆகவே அப்படிப்பட்ட நடுவன் இருக்க முடியாது.

கணினி அறிவியல் மாணவர்களுக்குப் பகுதி ஒன்று தமிழ் நடத்தும்போது இதை ஒருமுறை சொன்னேன். உடனே ஒரு மாணவர் எழுந்தார். “ஐயா, ஒரே இடத்தில் சுற்றுகிற நிரலை என்னால் பார்த்தவுடனே சொல்லிவிட முடியுமே? அதை ஒரு நிரலாகவும் எழுதிவிடலாமே?” என்றார். அவர் கேட்டது முற்றிலும் சரி. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் வழுக்கி விழுகிறார்கள். இன்ன ஒரு நிரலைப் பற்றி அறிய முடியாது என்று டூரிங்கின் தேற்றம் சொல்லவில்லை. எல்லா நிரல்களுக்கும் பொதுவான, ஒருபோதும் தவறாத, எப்போதும் விடை தருகிற ஒற்றை நடுவன் இல்லை என்பதே அது சொல்வது. பல நிரல்களுக்கு விடை தந்து, சிலவற்றுக்குத் ‘தெரியவில்லை’ என்று கைவிரிக்கும் நடுவன்கள் உண்டு. அவை பயன்பாட்டிலும் இருக்கின்றன. கணினியோடு இணைக்கும் கருவிகளை இயக்கும் நிரல்கள் எங்காவது சிக்கி நிற்குமா என்று பார்ப்பதற்காக மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் 2006 வாக்கில் உருவான ‘டெர்மினேட்டர்’ அத்தகைய ஒன்று.

ஆனால் இரண்டு விடைகளும் ஒரே தன்மையன அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் ஒரே நாளில் நிலைக்கு வராத காலமும் உண்டு என்று பெரியவர்கள் சொல்வார்கள். தேர் நிலை சேர்ந்துவிட்டால் ஊருக்கே தெரியும். எவரும் விளக்க வேண்டியதில்லை. சேராதவரை, நிலையடியில் காத்திருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்த திருப்பத்தில் வரலாம், நாளை வரலாம். காத்திருத்தல் ஒன்றினால் மட்டும் ‘வராது’ என்ற விடையை எவரும் அடைய முடியாது. நிரலும் அப்படியே. நிற்கும் என்பதை ஓடவிட்டுக் காத்திருந்தே அறியலாம். நிற்காது என்பதை அறிய வேண்டுமானால் காத்திருப்பதை விட்டுவிட்டுச் சிந்திக்க வேண்டும். வல்லத்துக்காரர் இங்குதான் வருகிறார்.

பிள்ளைக்கு ஓராண்டு நிறையும் வேளையில் தாய் இறந்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் இறந்தார். பள்ளி ஆசிரியர் ஒருவரின் பொருளுதவி இல்லாதிருந்தால் படிப்பு அத்தோடு நின்றிருக்கும். செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள்தான் நம்மோடு சேர்ந்தது. அதனால்தானோ என்னவோ அவர் கல்வி மதுரை, திருநெல்வேலி பக்கம் வராமல் நாகர்கோவில் ஸ்காட் கிறித்துவக் கல்லூரிக்கும் திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரிக்கும் சென்றது. பிறகு சென்னையில் ஆனந்தராவ், வைத்தியநாதசுவாமி ஆகியோரிடம் ஆய்வு. 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோதே அங்கே பணியில் சேர்ந்து 1941 வரை இருந்தார். அவருடைய மிகச் சிறந்த பணிகள் சிதம்பரத்தில், வகுப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு விரிவுரையாளரின் அன்றாடத்துக்கு நடுவே நிகழ்ந்தவை. கல்லூரியில் பணியாற்றும் எவருக்கும் அதன் பொருள் விளங்கும்.

அவர் தொட்ட சிக்கல் எட்வர்ட் வாரிங் 1770இல் எழுப்பியது. எந்த இயல் எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம். ஒன்பது கனங்களின் கூட்டாக எழுதலாம். பத்தொன்பது நான்காம் அடுக்குகளின் கூட்டாக எழுதலாம். இப்படியே மேலும் போகலாம் என்று வாரிங் நிறுவாமலே சொல்லிப்போனார். 23ஐக் கனங்களாக எழுதிப் பாருங்கள். 27 பெரியது; ஆகவே 8ஐயும் 1ஐயும் மட்டுமே பயன்படுத்தலாம். இரண்டு எட்டு, ஏழு ஒன்று, மொத்தம் ஒன்பது. எட்டில் முடியாது. வர்க்கத்துக்கான நான்கை அதே 1770இல் லாக்ராஞ்ச் நிறுவினார். ஒவ்வோர் அடுக்குக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு என்பதை 1909இல் ஹில்பர்ட் நிறுவினார்; அந்த எல்லை எத்தனை என்பதை அவர் சொல்லவில்லை.

பிள்ளையும், தனித்து அமெரிக்காவின் சிகாகோவில் டிக்சனும் 1936இல் அதைச் சொன்னார்கள். ஆறுக்கு மேற்பட்ட அடுக்குகளுக்கு எல்லையைத் தரும் சூத்திரம் அது. அது ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. அந்த நிபந்தனைக்குப் பின்னர் வருவோம். ஏழுக்கு மேல் தெரிந்துவிட்டது, ஆறுக்குத் தெரியவில்லை என்பது வெளியாருக்கு விந்தையாகத் தோன்றும். சிறிய அடுக்குகளே இங்கே கடினமானவை. ஆறாம் அடுக்கின் விடை 73 என்று 1940இல் நிறுவியவரும் பிள்ளைதான். ஐந்தாம் அடுக்கின் விடையாகிய 37 சீனத்தின் சென் ஜிங்ருன்னுக்காக 1964 வரை காத்திருந்தது. நான்காம் அடுக்கின் 19, பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரான ரா. பாலசுப்பிரமணியன் இரு பிரெஞ்சு அறிஞர்களோடு சேர்ந்து 1986இல் முடிக்கும் வரை காத்திருந்தது.

இப்போது 73ஐ டூரிங்கின் மொழியில் சொல்லிப் பார்ப்போம். ஒரு நிரல் எழுதுகிறோம். 1, 2, 3 என்று ஒவ்வோர் எண்ணாக எடுத்து, அதை 73 அல்லது அதற்குக் குறைவான ஆறாம் அடுக்குகளின் கூட்டாக எழுத முடிகிறதா என்று பார்க்க வேண்டும். முடிந்தால் அடுத்த எண்ணுக்குப் போக வேண்டும். முடியாத எண் ஒன்று அகப்பட்டால் நின்றுவிட வேண்டும். இந்த நிரல் நிற்குமா? ஓடவிட்டுப் பார்த்தால் 703இல் நின்றுவிடுமோ என்று தோன்றும். 64ஐப் பத்து முறையும் 1ஐ அறுபத்து மூன்று முறையும் போட்டுச் சரியாக 73இல் தப்பிவிடும். அதற்கப்பால் எத்தனை கோடி எண்களைக் கடந்தாலும் காத்திருப்பவருக்கு உறுதி கிடைக்காது. பிள்ளை 1940இல் நிறுவியது இந்த நிரல் ஒருபோதும் நிற்காது என்பதைத்தான். முடிவிலாக் காத்திருப்பை முடிவுள்ள சில பக்கங்களால் ஈடுசெய்தார். கணிதத்தில் ‘எல்லா எண்களுக்கும்’ என்று தொடங்கும் தேற்றங்களில் மிகப் பல, ஏதோ ஒரு தேடும் நிரல் நிற்காது என்ற அறிவிப்புகளே. நடுவன் ஒருவன் இருந்திருந்தால் கணித அறிஞர்களுக்கு வேலையே இருந்திருக்காது.

எல்லாம் இவ்வளவு நேர்த்தியாக முடிந்துவிடவில்லை. மேலே சொன்ன நிபந்தனைக்கு வருகிறேன். ஆறாம் அடுக்கையே எடுத்துக்கொள்வோம். 3ஐ ஆறு முறை பெருக்கினால் 729. 2ஐ ஆறு முறை பெருக்கினால் 64. 729ஐ 64ஆல் வகுத்தால் ஈவு 11, மீதி 25. இரண்டையும் கூட்டினால் 36. இது 64ஐத் தாண்டவில்லை. தாண்டாதவரை சூத்திரம் எளியது: 64ஐயும் ஈவையும் கூட்டி இரண்டைக் கழித்துவிட வேண்டும். 64, 11, கழித்தல் 2, விடை 73. மூன்றாம் அடுக்குக்கு 27ஐ 8ஆல் வகுத்துப் பார்த்தால் ஈவு 3, 8, 3, கழித்தல் 2, விடை 9. ஈவும் மீதியும் சேர்ந்து இரண்டின் அடுக்கைத் தாண்டிவிடும் அடுக்கு ஏதேனும் இருந்தால் அங்கே வேறு சூத்திரம் வேண்டும். அப்படி ஓர் அடுக்கு உண்டா?

இதற்கும் ஒரு நிரல் எழுதலாம். பத்து வரி போதும். விதிவிலக்கு கிடைத்தால் நில், இல்லையேல் அடுத்த அடுக்குக்குப் போ. 1990இல் குபினாவும் வுண்டர்லிக்கும் 47,16,00,000ஆம் அடுக்கு வரை கணினியில் சோதித்தார்கள். நிற்கவில்லை. அதற்கு முன்பே, 1957இல், கர்ட் மாலர் ஒரு விசித்திரமான செய்தியை நிறுவியிருந்தார். விதிவிலக்குகள் இருந்தால் அவை எண்ணிக்கையில் முடிவுள்ளவை. ஆனால் அவை எந்த எண்ணுக்குள் அடங்கிவிடும் என்பதை அவருடைய நிறுவலிலிருந்து பெற முடியாது. விதிவிலக்குகளை எழுதிவைத்துக்கொண்டு மேலே போகும் நிரலாக மாற்றிக்கொள்வோம். ஒரு கட்டத்துக்குப் பிறகு அது எதையும் எழுதாது என்பது உறுதி. அந்தக் கட்டம் வந்துவிட்டதா என்பது நிரலுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. தேடல் உண்மையில் முடிந்துபோன பின்னும் தேடிக்கொண்டிருக்கலாம். நிற்றல் சிக்கலை மேடையில் சொல்கிறவர்கள் நிழலுருவ முரணன்களை விட்டுவிட்டு இதைச் சொல்லலாம் என்பது என் எண்ணம். இங்கே வார்த்தை விளையாட்டு ஏதுமில்லை. மூன்றையும் இரண்டையும் பெருக்குகிற கணக்குதான்.

டூரிங்கும் இப்படியொரு தேடலில் ஈடுபட்டார் என்பது பலருக்குத் தெரியாது. 1950 ஜூனில் மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினியில், ரீமான் கருதுகோளுக்கு விதிவிலக்கு ஏதும் அகப்படுமா என்று இரவெல்லாம் ஓடவிட்டுப் பார்த்தார். அகப்படவில்லை, முதல் 1,104 பூச்சியங்களும் இருக்க வேண்டிய கோட்டின்மீதே இருந்தன. விதிகளைப் பார்த்தே முடிவு சொல்லும் பொதுவழி இல்லை என்று நிறுவியவர், ஓடவிட்டுப் பார்ப்பதை இழிவாகக் கருதவில்லை.

அதே கோடையின் முடிவில் பிள்ளை அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அப்போது அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். பிரின்ஸ்டனின் உயராய்வு நிறுவனம் அவரை அழைத்திருந்தது. டூரிங் 1936 முதல் 1938 வரை தங்கி ஆய்வு செய்த அதே ஊர். வழியில் ஹார்வர்டில் ஆகஸ்ட் 30ஆம் நாள் தொடங்கிய உலகக் கணித மாநாட்டிலும் பங்கேற்க வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 31ஆம் நாள் அவர் சென்ற விமானம் கெய்ரோவுக்கு அருகே பாலைவனத்தில் விழுந்தது. அதிலிருந்த 55 பேரும் இறந்தனர். பிள்ளைக்கு வயது நாற்பத்தொன்பது. அவருடைய கட்டுரைகள் முழுவதும் தொகுக்கப்பட்டு இரண்டு தொகுதிகளாக வெளிவர 2010 வரை அறுபது ஆண்டுகள் ஆயின. இராமானுசனுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூடப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. நாம் மேதைமையை அதிசயக் கதையாகவே கேட்டுப் பழகியவர்கள் என்பது அதற்கொரு காரணமாக இருக்கக்கூடும். வகுப்புக்கும் வீட்டுக்கும் நடுவே நிறுவல் எழுதிய ஆசிரியரிடம் அதிசயக் கதை இல்லை.

மனிதனால் முடியும், இயந்திரத்தால் முடியாது என்ற வாதத்துக்குத் திரும்புகிறேன். அதற்கு மேலை நாட்டிலும் பெரிய பெயர்கள் உண்டு. கோடெலின் தேற்றத்தை வைத்து 1961இல் லூக்காசும், 1989இல் பென்ரோசும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் 1950 அக்டோபரில் வெளிவந்த புகழ்பெற்ற கட்டுரையில் டூரிங் இந்த மறுப்பை எடுத்துக்கொண்டு விடை சொல்லிவிட்டார். இயந்திரத்துக்கு எல்லை உண்டென்று நிறுவியாயிற்று; மனித மனத்துக்கு அத்தகைய எல்லை இல்லை என்பதை எவரும் நிறுவவில்லையே என்பது அவர் விடையின் சாரம். விதிப்படி கணக்கிடும் மனிதரையே அவர் மாதிரியாகக் கொண்டார் என்பதை இங்கே நினைவுகூரலாம். பிள்ளை 73ஐ நிறுவினார் என்பதால் மனிதர் எல்லாவற்றையும் நிறுவிவிடுவார் என்றாகாது. மாலரின் எல்லையற்ற எல்லையின் முன் மனிதரும் நிரலும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம்.

ஓரிடத்தில் இருவரும் சேர்ந்து முன்னேறியதும் உண்டு. திபோர் ராடோ 1962இல் ஒரு போட்டியை முன்வைத்தார். இத்தனை நிலைகள் மட்டுமே கொண்ட டூரிங் இயந்திரங்களில், வெற்று நாடாவில் தொடங்கி நிற்பனவற்றுள், மிக நீண்ட நேரம் ஓடி நிற்பது எது? இரண்டு நிலைகளுக்கு 6 அடி, மூன்றுக்கு 21, நான்குக்கு 107. ஐந்து நிலை இயந்திரங்கள் மட்டும் 16 இலட்சம் கோடிக்கு மேல் உண்டு. அவற்றுள் 4,71,76,870 அடிகள் ஓடி நிற்கும் ஒன்றை 1989இல் கண்டுபிடித்தார்கள். அதைவிட நீண்டு ஓடி நிற்பது இல்லை என்று சொல்ல வேண்டுமானால் எஞ்சிய ஒவ்வொன்றும் நிற்காது என்று காட்டியாக வேண்டும். 2022இல் இணையத்தில் கூடிய ஒரு குழு அதில் இறங்கியது. அவர்களில் பலர் தொழில்முறைக் கணித அறிஞர்களல்லர். 2024 ஜூலையில் முடிந்துவிட்டதென்று அறிவித்தார்கள். முழு நிறுவலையும் கணினி வரி வரியாகச் சரிபார்க்கும் வடிவில் எழுதி முடித்தவர் புனைபெயரால் மட்டுமே அறியப்படுபவர். புனைபெயர் மரபுள்ள நமக்கு இது இனிக்க வேண்டிய செய்தி. நிரல்கள் நிற்காது என்பதை நிரல்கள் கண்டறிந்தன. எந்த வகையான நிற்காமைக்கு எந்தச் சோதனை என்பதை மனிதர் கண்டறிந்தனர்.

ஆறு நிலைகளுக்குப் போனார்கள். அங்கே அவர்களுக்கு அகப்பட்ட ஓர் இயந்திரத்தின் நடத்தையை எளிய கணக்காகச் சொல்லிவிடலாம். 8இல் தொடங்குங்கள். எண்ணோடு அதன் பாதியைக் கூட்டுங்கள். அரை மிஞ்சினால் விட்டுவிடுங்கள். 8, 12, 18, 27, 40, 60, 90, 135, 202, 303, 454, 681, 1021. இவற்றுள் இரட்டைப்படை எண்கள் எட்டு, ஒற்றைப்படை எண்கள் ஐந்து. ஒற்றைப்படை எண்களின் எண்ணிக்கை இரட்டைப்படை எண்களுடையதைப் போல இருமடங்கை எப்போதாவது தாண்டினால் இயந்திரம் நின்றுவிடும். நாணயத்தைச் சுண்டுவது போல ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வருவதைப் பார்த்தால் அது நடக்கவே நடக்காதென்று தோன்றுகிறது. அதை நிறுவத்தான் எவருக்கும் வழி தெரியவில்லை. பாதியைக் கூட்டுவதென்பது ஒன்றரையால் பெருக்குவதே. 3ஐ 2ஆல் வகுத்து, அதை அடுக்கிக்கொண்டே போவது. சிதம்பரத்தில் பிள்ளை எந்த எண்ணின் அடுக்குகளில் தம் சூத்திரத்தின் நிபந்தனையை விட்டுச்சென்றாரோ, அதே எண்.

பிள்ளை 1945இல் எழுப்பிய இன்னொரு கேள்வியும் இதே வகையானது. வர்க்கம், கனம் முதலிய முழு அடுக்குகளை வரிசையாக எழுதினால் 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று போகும். குறிப்பிட்ட ஒரு வேறுபாட்டைச் சொன்னால், அந்த வேறுபாடுள்ள சோடிகள் முடிவுள்ளவையே என்பது பிள்ளையின் ஊகம். வேறுபாடு 1 என்றால் 8, 9 மட்டுமே. அதன் தேடலுக்கு முடிவுள்ள எல்லை ஒன்றை 1976இல் டைட்மன் தந்தார். மாலரின் நிறுவலில் இல்லாதது இதில் இருந்தது. 2002இல் மிஹைலெஸ்கு அதை முற்றிலும் முடித்துவைத்தார். வேறுபாடு 2 என்றால் 25, 27 தெரியும். வேறு உண்டா என்பது தெரியாது. 3க்கு 125, 128. 4க்கு 4, 8. 5க்கு 4, 9. 7க்கு 9, 16. ஆறு வேறுபாடுள்ள ஒரு சோடிகூட இதுவரை அகப்படவில்லை. அகப்படாது என்பதற்கும் நிறுவல் இல்லை.